மால் கேம் ஜோனில் வேலை கிடைத்திருக்கிறது, டெக்கன் கேமில் தேறுவேனா?

கொருக்குப்பேட்டை_கேட் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். இங்கே இது என் முதல் பதிவு. கலாய்க்காதீர்கள் என்று சொன்னால் கேட்கமாட்டீர்கள், அதனால் கொஞ்சமாகக் கலாயுங்கள்.

வயது 20. பி.காம். முடித்துவிட்டு ஆறு மாதம் வீட்டில் இருந்தேன். போன வாரம் ஒரு மாலில் இருக்கிற கேம் ஜோனில் சேர்ந்துவிட்டேன். மால் பேர் வேண்டாம், விட்டுவிடுங்கள். காலை 11 மணிக்குப் போனால் இரவு 9 ஆகும். கார்டில் காசு ஏற்றித் தருவது, மெஷினில் சிக்கிய டிக்கெட்டை இழுத்து விடுவது, பொம்மை பிடிக்கிற மெஷின் முன்னால் அழுகிற குழந்தையைச் சமாதானம் செய்வது, இவ்வளவுதான் வேலை. உட்காரக்கூடாது.

எனக்கு ஃபைட்டிங் கேம் என்றால் உயிர். தண்டையார்பேட்டையில் நண்பன் வீட்டில் பிஎஸ்5 இருக்கிறது. வாரம் ஒரு ராத்திரி அங்கே போய் டெக்கன் 8 என்கிற ஃபைட்டிங் கேம் ஆடுவேன். சொந்தமாக வாங்க இப்போதைக்கு வழியில்லை. கேம் ஜோனில் ஒரு மூலையில் பழைய டெக்கன் 5 மெஷின் ஒன்று நிற்கிறது. முதல் ஆள் பக்கம் நன்றாக இருக்கிறது. இரண்டாம் ஆள் பக்கத்து ஸ்டிக் இடது பக்கம் போகாது. அதனால் ஜோடியாக யாரும் ஆடுவதில்லை, தனியாக ஆடவும் ஆள் வருவதில்லை. ஷிஃப்ட் நேரத்தில் நாங்கள் தொடக்கூடாது. மூடுகிறதற்கு முன்னால் எல்லா மெஷினையும் ஓட்டிப் பார்க்கச் சொல்வார்கள், அதில் ஒரு 15 நிமிடம் தேறும்.

கேள்வி இதுதான். இங்கே வேலை செய்தால் என் ஆட்டம் முன்னேறுமா, இல்லை கால் வலி மட்டும்தான் மிச்சமா? "பொம்மை மெஷினுக்குக் காவல் இருக்கவா உன்னைப் படிக்க வைத்தேன்" என்று அம்மா கேட்கிறாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

ஓட்டேரி_நரி

தம்பி, பிரியாணிக் கடையில் வேலை செய்தால் பயில்வான் ஆகலாமா என்று கேட்பது போல இருக்கிறது. இப்போது மாலில் இருப்பதெல்லாம் டிக்கெட் கக்குகிற மெஷின். 500 ரூபாய் ஏற்றி, ஆயிரம் டிக்கெட் சேர்த்து, கடைசியில் ஒரு பிளாஸ்டிக் விசில் வாங்கிக்கொண்டு போவார்கள். அங்கே சண்டை எங்கே இருக்கிறது? கேஷ் கவுண்டரில் வேண்டுமானால் இருக்கும்.

வேலையை வேலையாகப் பார். சம்பளத்தைச் சேர்த்து பிஎஸ்5 வாங்கு. முடிந்தது.

கல்மண்டபம்_காயின்

நரி பேச்சை ஓரமாக வை தம்பி. நான் அந்த வேலையைச் செய்தவன். 2000-இலிருந்து 2004 வரை, கல்மண்டபத்தில் ஒரு சந்துக்குள் இருந்த கடையில். ஆர்கேட் என்கிற சொல்லே அப்போது எங்களுக்குத் தெரியாது. கேம் கடை, அவ்வளவுதான். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, ஒரு ஷட்டர், ஆறு மெஷின், ஒரு டேபிள் ஃபேன். அந்த ஃபேன் ஓனர் பக்கம் மட்டும் திரும்பும்.

ஆறில் ஒன்று முஸ்தபா. அந்த கேமின் நிஜப் பேர் காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ், கேப்காம் 1993-இல் விட்டது. மஞ்சள் தொப்பிக்காரன் முஸ்தபா அதில் ஒரு ஆள்தான். ஆனால் திரையில் ஓடுகிற பெரிய பேரை யார் படித்தார்கள்? அவன் பேரே கேமுக்கு நின்றுவிட்டது. இரண்டு மெஷினில் ஸ்ட்ரீட் ஃபைட்டர். ஒன்றில் கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 97. கூட்டமெல்லாம் அந்தக் கடைசி மெஷினைச் சுற்றித்தான்.

காலையில் ஷட்டரைத் தூக்கியதும் முதல் வேலை ரப்பர் தேய்ப்பது. பள்ளிக்கூடத்துப் பென்சில் ரப்பர்தான். கடல் காற்றில் மெஷினுக்குள் இருக்கிற கேம் போர்டின் முனையெல்லாம் பச்சை பிடித்துவிடும், தேய்த்துச் செருகினால்தான் படம் வரும். அப்புறம் பட்டன். காசிமேட்டில் ஏலம் முடித்துவிட்டு ஆட்கள் நேராக எங்கள் கடைக்கு வருவார்கள். கையில் பணம் இருக்கும், மீன் செதிலும் இருக்கும். வாசலில் ஒரு பக்கெட் தண்ணீரும் பழைய லுங்கித் துணியும் வைத்திருப்பேன். "கையைத் துடைச்சிட்டு உக்காருண்ணே." என் வாழ்க்கையில் அதிகம் பேசிய வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும்.

ஆட்டம் ஒரு ரூபாய். தோற்றவன் எழுந்திருக்க வேண்டும், ஜெயித்தவன் உட்கார்ந்த இடத்திலேயே அடுத்த ஆளைப் பார்க்கலாம். எதிர்ச்சந்து கேரம் கிளப்பிலும் இதே சட்டம்தான், அங்கிருந்து வந்ததா என்று தெரியாது. நன்றாக ஆடுகிறவன் ஒரு ரூபாயில் சாயங்காலம் முழுக்க ஓட்டிவிடுவான். ஓனருக்கு அவன்மேல் கோபமே வராது, எதிரே வந்து உட்காருகிற ஒவ்வொருவனும் காயின் போடுகிறானே! அவருக்கு ஆகாதவன் வேறு. தனியாக வந்து, ஒரே காயினில் கடைசி பாஸ் வரைக்கும் போய், முக்கால் மணி நேரம் மெஷினைப் பிடித்துக்கொள்கிறவன். அப்படி ஒருத்தன் தலை தெரிந்தால் ஓனர் கண்ணைக் காட்டுவார். நான் செட்டிங்கில் போய் கஷ்டத்தை 8-க்கு ஏற்றிவிடுவேன். 8-தான் உச்சம். நம்பியார் வீட்டு வேலைக்காரன் போல அந்தப் பாவத்தைச் செய்திருக்கிறேன்.

கேஸ் லைட்டர் கதையும் உண்டு. அடுப்பு பற்ற வைக்கிற லைட்டரைக் காயின் போடுகிற இடத்தில் வைத்து டிக் டிக் என்று அடித்தால், அந்தப் பொறியில் சில மெஷின் ஏமாந்து கிரெடிட் ஏற்றிவிடும். கடைக்கு வருகிற பையன்களின் டவுசர் பையைத் தடவிப் பார்த்துதான் உள்ளே விடுவேன். அம்மாக்கள் வந்து லைட்டரைத் திருப்பிக் கேட்பார்கள்.

மீன்பிடித் தடைக்காலம் வந்தால் வேறு மாதிரி. இப்போது 61 நாள், அப்போது ஏப்ரல் 15-இலிருந்து 45 நாள். கடையில் நிற்க இடம் இருக்காது, கல்லாவில் காசும் இருக்காது. ஓனர் ஒரு நோட்டுப் போட்டுக் கடன் எழுதுவார். வீடியோ கேமுக்குக் கடன் நோட்டு வைத்த கடை உலகத்திலேயே எங்களுடையது மட்டும்தான் என்று ரொம்ப நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். நானும் ஆட முடியாது, சில்லறை கொடுக்கிற ஸ்டூலை விட்டு எழுந்தால் ஓனர் கத்துவார். பார்க்கத்தான் முடியும். நாலு வருடம் பார்த்தேன். ஆட்டோ ஓட்டுகிற ஒருத்தர் பயந்தால் குதிப்பார், எப்போதும். ஐஸ் பேக்டரி அண்ணன் இரண்டு அடி தடுத்த பிறகு கட்டாயம் பிடித்து எறிவார். இப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு வாய்ப்பாடு மனசில் இருந்தது. மூடுகிற நேரத்தில் உட்கார்ந்தால் யாரையும் எழுப்பிவிடுவேன். கல்மண்டபத்தில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

2003-இல் புரசைவாக்கம் பக்கம் ஒரு கடையில் கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் போட்டி வைத்தார்கள். நுழைவு 20 ரூபாய். எங்கள் கடையிலிருந்து ஒரு கூட்டமே என்னோடு பஸ் ஏறியது. எதிரே ஒல்லியாக ஒரு பள்ளிக்கூடப் பையன். அவன் எடுத்தது இரும்புக் குண்டு சுமக்கிற சாங். எங்கள் கடையில் அந்தத் தடியனை யாரும் தொட்டதே இல்லை. குண்டு எங்கிருந்து வரும், எப்போது முடியும், நான் எப்போது உள்ளே போகலாம், எதுவும் தெரியவில்லை. முதல் சுற்றிலேயே வெளியே வந்துவிட்டேன். திரும்பும்போது பஸ்ஸில் யாரும் என்னிடம் பேசவில்லை, அது இன்னும் கொடுமை.

அன்றைக்குத்தான் விளங்கியது. நான் கேமைக் கற்றுக்கொள்ளவில்லை. பன்னிரண்டு பேரைக் கற்றுக்கொண்டிருந்தேன்.

வேலையில் சேர்ந்தது நல்லதுதான். ஆனால் அந்த இரண்டாம் ஸ்டிக்கை முதலில் சரி பண்ணு. எதிரே ஆள் உட்கார முடியாத மெஷினில் நீ என்ன பழகினாலும் அது உடற்பயிற்சிதான்.

ஃபிரேம்_வாத்தியார்

காயின் அண்ணன் எழுதியதைப் படிக்க நன்றாக இருந்தது. ஆனால் தம்பிக்கு அது வழிகாட்டி இல்லை, எச்சரிக்கை. அவரே ஒப்புக்கொள்கிறார் பாருங்கள், நாலு வருடம் பார்த்தும் சாங் எதிரே ஒன்றும் செய்ய முடியவில்லை.

இந்த வகை கேமெல்லாம் நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது திரையில் நொடிக்கு 60 படம். ஒரு ஃபிரேம் என்றால் ஏறக்குறைய 16.7 மில்லி செகண்ட். டெக்கனில் நின்றபடி விடுகிற மிக வேகமான குத்து 10 ஃபிரேமில் வரும், அதாவது நொடியில் ஆறில் ஒரு பங்கு. கண்ணால் பார்த்துக் கை அசைய மனிதனுக்கு 12 முதல் 15 ஃபிரேம் ஆகிவிடும். அதனால் அதைப் பார்த்துத் தடுக்கவே முடியாது, வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். டெக்கனில் வருகிற பிரையன் என்கிற ஆளின் காலடி உதை ஏறக்குறைய 30 ஃபிரேம், அதைப் பார்த்துத் தடுக்கலாம், தடுக்காவிட்டால் உன் தப்பு. எதைப் பார்க்க முடியும், எதை ஊகிக்க வேண்டும் என்று பிரித்துக்கொள்வதுதான் பாதிப் படிப்பு. இது கடையில் நின்று வராது, டெக்கன் 8-இன் பயிற்சி மோடில் வரும். உன் பழைய ஆட்டத்தை ஓடவிட்டால், எந்த இடத்தில் திருப்பி அடித்திருக்கலாம் என்று அதுவே காட்டும். அந்த இடத்தில் நிறுத்தி நீயே உள்ளே புகுந்து ஆடிப் பார்க்கலாம். காயின் அண்ணனுக்கு 2003-இல் இது இருந்திருந்தால் சாங்கை ஒரே ராத்திரியில் படித்து முடித்திருப்பார்.

கல்மண்டபம்_காயின்

படித்திருப்பேன். ஒரு ராத்திரிக்கு அந்த மெஷினைக் கொடுக்க ஓனர் என்ன வாங்கியிருப்பார் என்பதுதான் கேள்வி.

பஜார்_பையன்

வாத்தியாரே, ஒன்று கேட்கிறேன். 2019-க்கு முன்னால் டெக்கன் என்றால் கொரியா, ஜப்பான் என்பார்கள். லாகூரிலிருந்து அர்ஸ்லான் ஆஷ் கிளம்பிப் போனார். ஈவோ என்பது ஃபைட்டிங் கேமுக்கான பெரிய போட்டி. அந்த ஒரே வருடத்தில் ஈவோ ஜப்பானையும் எடுத்தார், லாஸ் வேகாஸில் நடந்த ஈவோவையும் எடுத்தார். லாஸ் வேகாஸ் இறுதி ஆட்டத்தில் எதிரே இருந்தவர் யார் தெரியுமா? கொரியாவின் 'நீ' (Knee) என்கிற ஆட்டக்காரர். இந்த விளையாட்டின் பெரிய தலை. அந்த வருடம் அர்ஸ்லான் என்ன சொன்னார்? எங்கள் ஊரில் என்னைப் போல இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள் என்றார். அந்தக் கொரியாக்காரர் கிளம்பிப் பாகிஸ்தானுக்கே போய் அவர்களோடு உட்கார்ந்து ஆடிப் பார்த்தார். பிறகு ஆதிஃப் பட் என்கிற இன்னொரு பாகிஸ்தான்காரர் டெக்கன் வேர்ல்ட் டூர் இறுதியையும் வாங்கினார்.

அவர்கள் வளர்ந்தது எங்கே? தெருமுனைக் கடையில், டோக்கன் போட்டு. அங்கே கடை உலக சாம்பியனைக் கொடுத்தது. அதே கடை ராயபுரத்தில் காயின் அண்ணனைக் கொடுத்தது (கோபித்துக்கொள்ளாதீர்கள் அண்ணா). வித்தியாசம் எங்கே?

கல்மண்டபம்_காயின்

கோபமில்லை. நானும் இதை நிறைய யோசித்திருக்கிறேன். அவர்கள் கடை விட்டுக் கடை போனார்கள் என்று நினைக்கிறேன். நாங்கள் கல்மண்டபத்தை விட்டு வெளியே போனது நாலு வருடத்தில் ஒரே ஒரு தடவை. வண்ணாரப்பேட்டைக் கடைக்குப் போவது எங்களுக்கு மானப் பிரச்சினை. பக்கத்து ஏரியாவில் தோற்றுவிட்டு வந்தால் ஒரு மாதம் பேச்சு. அதனால் போகவே மாட்டோம்.

இன்னொன்று, எங்கள் கூட்டம் கலைந்துவிட்டது. 2004 வாக்கில் பையன்களெல்லாம் பிரவுசிங் சென்டரில் கவுண்டர் ஸ்ட்ரைக் ஆடப் போய்விட்டார்கள். கடை வாடகைக்குத் தாங்கவில்லை. ஓனர் மெஷினைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டு அதே இடத்தில் செல்போன் ரீசார்ஜ் ஆரம்பித்தார். எனக்கும் ஒரு ஸ்டூல் போட்டார். நான் போகவில்லை.

செரியன்நகர்_சக்தி

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் கடை கடை என்று உருகுகிறீர்கள். அந்தக் கடைக்குள் ஒரு பெண்ணைப் பார்த்திருக்கிறீர்களா யாராவது?

எனக்கு 34 வயது. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் ஒரு கேம் கடை இருந்தது. வாசலில் நின்று பார்ப்பேன், அதுவும் ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. உள்ளே பீடிப் புகை, கெட்ட வார்த்தை. ஒருநாள் தைரியமாகப் படி ஏறினேன். கடைப் பையன், "தங்கச்சி, யாரைத் தேடுற?" என்றான். யாரையும் தேடவில்லை, ஆட வந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. தம்பியைத் தேடினேன் என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். எனக்குத் தம்பியே கிடையாது.

பிறகு மாமா பையன் வீட்டில் பிளேஸ்டேஷன் வந்தது, டெக்கன் 3 போட்டு ஆடினோம். நான் கிங். சிறுத்தை முகமூடி போட்டு, ஆளைப் பிடித்து எறிகிற மல்யுத்தக்காரன். இன்றைக்கும் அவன்தான். எங்கள் பக்கத்திலிருந்து காசிமா 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகப் போட்டியில் 3 தங்கம் எடுத்துக்கொண்டு வந்தாள். கேரமுக்கு வீட்டுப் பலகை போதும், அவளுக்குச் சொல்லித்தர அப்பா இருந்தார். இந்த விளையாட்டுக்குக் கடைப் படி ஏற வேண்டியிருந்தது. அந்தப் படியில் நின்ற கணக்கு எங்களிடம் தனியாக இருக்கிறது.

கல்மண்டபம்_காயின்

அக்கா, இல்லை, வயதில் சின்னவர், தங்கச்சி என்று சொல்லவும் இப்போது கூச்சமாக இருக்கிறது. நீங்கள் சொன்னது நிஜம். எங்கள் கடையிலும் இல்லை. லைட்டரைக் கேட்டு வந்த அம்மாக்களைத் தவிர ஒருவரும் வந்ததில்லை. ஏன் இல்லை என்று அப்போது எங்களுக்குத் தோன்றவும் இல்லை.

ஓட்டேரி_நரி

படிப்பைக் கெடுத்த கடைகள்தானே அவை. போலீஸ் அடிக்கடி வந்து மூடச் சொல்லும். வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது, கர்நாடகாவிலிருந்து போனது. வீடியோ கேம் கடைக்கும் உரிமம் கேட்கலாம் என்று 1995-இல் தீர்ப்பே வந்தது. சும்மாவா கேட்டார்கள்?

மைக்ரோஸ்விட்ச்

நரி அண்ணே, கொஞ்சம் வழி விடுங்கள், தம்பிக்கு வேலை இருக்கிறது. நான் வியாசர்பாடியில் சவுண்ட் சிஸ்டம் ரிப்பேர் பார்க்கிறேன், ஒரு காலத்தில் கேம் மெஷினும் பார்த்தேன்.

@கொருக்குப்பேட்டை_கேட், மேனேஜரிடம் சொல்லிவிட்டுச் செய். பிளக்கைப் பிடுங்கிவிடு, சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பின்பக்கக் கதவைத் தொடாதே. அது டப்பா மானிட்டராக இருந்தால் அணைத்த பிறகும் உள்ளே சார்ஜ் நிற்கும், தூக்கிப் போட்டுவிடும். உனக்கு வேண்டியது முன்பக்கப் பலகை மட்டும். அதைத் தூக்கினால் ஸ்டிக்கின் அடியில் நாலு பக்கமும் நாலு சின்ன சுவிட்ச் இருக்கும். ஒவ்வொன்றிலும் மூன்று கால்: காம் (பொது), என்.ஓ. (அழுத்தினால் சேர்வது), என்.சி. (அழுத்தினால் பிரிவது). வயர் காமிலும் என்.ஓ.-விலும் இருக்க வேண்டும். வயர் கழன்றிருந்தால் செருகு. இல்லாவிட்டால் சுவிட்ச் போய்விட்டது, மாற்று. ஐந்து நிமிட வேலை.

யோசித்துப் பார், இடது போகவில்லை என்றால் என்ன அர்த்தம்? இரண்டாம் ஆள் வலது பக்கம் நிற்கிறான், அவனுக்கு இடதுதான் முன்னால். பின்னால் மட்டுமே போகத் தெரிந்த ஒருத்தனோடு யார் சண்டை போடுவான்? பக்கம் மாறிவிட்டாலும் மோசம்தான், அப்போது இடதுதான் பின்னால். பின்வாங்கவே முடியாது.

கொருக்குப்பேட்டை_கேட்

அண்ணா, மேனேஜர் சரி என்றார். "எரிஞ்சா உன் சம்பளத்துல பிடிப்பேன்" என்றும் சொன்னார். பழுதான பந்து எறிகிற மெஷின் ஒன்று குடோனில் கிடந்தது, அதில் இதே மாதிரி சுவிட்ச் இருந்தது. கழற்றி வந்து, இடது பக்கத்து சுவிட்சை எடுத்துவிட்டு இதை மாட்டினேன். பிளக் செருகி ஓட்டிப் பார்த்தேன். இடது இன்னும் போகவில்லை. இப்போது வலதும் சரியாகப் போவதில்லை. செத்தேன்.

மைக்ரோஸ்விட்ச்

இதை முதலிலேயே சொல்லாதது என் தப்பு. மன்னித்துவிடு.

ஸ்டிக் ஒரு துடுப்பு மாதிரி. மேலே கைப்பிடியை இடது பக்கம் தள்ளினால் கீழே தண்டு வலது பக்கம் போகும். அதனால் இடது என்பது வலது பக்கத்து சுவிட்ச். நீ நல்ல சுவிட்சைக் கழற்றிவிட்டாய். இதோடு முடியவில்லை. பலகையைத் தூக்கி அடியிலிருந்து பார்க்கும்போது இடம் வலம் மாறித் தெரியும். இரண்டு குழப்பம் சேர்ந்து சில நேரம் சரியாகவே அமைந்துவிடும், அப்போது நாம் புத்திசாலி என்று நினைத்துக்கொள்வோம். கண்ணை நம்பாதே. கைப்பிடியை இடது தள்ளு, காதை வை. எந்த சுவிட்ச் கிளிக் என்கிறதோ அதுதான். கிளிக்கே வராவிட்டால், மற்ற மூன்று பக்கமும் தள்ளிப் பார், எது சத்தம் போடவில்லையோ அதுதான் குற்றவாளி.

கொருக்குப்பேட்டை_கேட்

கிளிக் வரவில்லை. கண்டுபிடித்தேன். பழைய சுவிட்சைத் திரும்ப அதன் இடத்தில் வைத்துவிட்டு, குடோனில் எடுத்த சுவிட்சை எதிர்ப்பக்கம் மாட்டினேன். வேலை செய்கிறது!!! வீட்டுக்கு வரும்போது ராத்திரி 11. கேட் வேறு போட்டுவிட்டான், கூட்ஸ் வண்டி போகிற வரைக்கும் நின்றுகொண்டே இழையில் எல்லாவற்றையும் மறுபடி படித்தேன்.

@பஜார்_பையன் அண்ணா, நான் யாரோடு ஆடுவது? நண்பனோடு மட்டும் ஆடினால் நானும் ஒரே ஒரு ஆளைத்தானே கற்பேன்?

ஃபிரேம்_வாத்தியார்

கேள்வி சரி. இங்கே நான் கொஞ்சம் இறங்கி வருகிறேன். பயிற்சி மோடு சாங்கைச் சொல்லித்தரும், ஆட்டோ அண்ணன் பயத்தில் குதிப்பார் என்று சொல்லித்தராது. இரண்டும் வேண்டும். 2004 ஈவோவில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3 ஆடிய ஜப்பான்காரர் டைகோ, கண்ணுக்குத் தெரியாத அளவு உயிரை வைத்துக்கொண்டு, எதிராளி ஜஸ்டின் வாங் ஆடிய சுன்-லீயின் 15 அடியையும் ஒன்று ஒன்றாகத் தட்டிவிட்டுத் திருப்பி அடித்த காட்சியை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். முதல் அடியை அவர் பார்த்துத் தட்டவில்லை. ஜஸ்டின் வாங் இப்போது விடுவார் என்று முன்னாலேயே தெரிந்து கையை நீட்டினார். அது ஆளைப் படித்தது. மீதி 14 பழக்கம். அவ்வளவு செய்தும் அந்த ஈவோவின் இறுதியில் அவர் தோற்றார், அதை யாரும் சொல்வதில்லை.

ஆன்லைனில் ஆடு. ஆனால் வைஃபை வேண்டாம், வயர் போடு. எதிராளி திரையிலேயே நீ வைஃபையா வயரா என்று தெரியும், பாதிப் பேர் பார்த்ததும் மறுத்துவிடுவார்கள்.

காயின் அண்ணா, உங்களுக்கும் ஒன்று. 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஸ்ட்ரீட் ஃபைட்டருக்கு முதல் தங்கம் வாங்கிய கொரியாவின் கிம் க்வான்-வூவுக்கு வயது 44.

கல்மண்டபம்_காயின்

எனக்கு 43. இன்னும் ஒரு வருடம் இருக்கிறது, முட்டியைத் தைலம் போட்டு வைக்கிறேன்.

செரியன்நகர்_சக்தி

@கொருக்குப்பேட்டை_கேட், உன் கேம் ஜோனில் அந்த ஸ்டிக் நிஜமாகவே சரியாகிவிட்டதா? ஞாயிறு மதியம் என் பெண்ணை அழைத்துக்கொண்டு அந்தப் பக்கம் வருவதாக இருக்கிறேன். மாலில் யாரும் "யாரைத் தேடுறீங்க" என்று கேட்கமாட்டார்கள் அல்லவா? உனக்கு எப்போது இடைவேளை?

டெக்கன் 5 என்கிறாய், ஒன்று நினைவில் வை. 7-இலிருந்து சாதாப் பிடியை எந்தக் குத்துப் பட்டனை அழுத்தினாலும் உடைக்கலாம். 5-இல் அப்படி இல்லை. எந்தக் கை நீளுகிறது என்று பார்த்து அந்தக் கையின் பட்டனை அழுத்த வேண்டும். இரண்டு கையும் நீண்டால் இரண்டையும். நான் கிங் ஆடுகிறவள், முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

கொருக்குப்பேட்டை_கேட்

3 மணிக்கு அரை மணி நேரம் இடைவேளை அக்கா. சீருடையோடு ஆடக்கூடாது என்பார்கள், மேலே சட்டை போட்டுக்கொள்கிறேன். காயின் அண்ணா, நீங்களும் வாங்க.

ஓட்டேரி_நரி

யாராவது முடிவை எழுதுங்கப்பா. நான் வரமாட்டேன், ஆனால் தெரிந்துகொள்ள வேண்டும்.

கொருக்குப்பேட்டை_கேட்

எழுதுகிறேன் நரி அண்ணா. 10-3. பத்து அக்காவுக்கு.

முதல் நாலு ஆட்டத்தில் என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை. அவர் பக்கத்தில் வந்து நின்றாலே பயத்தில் எதையாவது அழுத்தினேன், காலைப் பிடித்துச் சுழற்றி எறிந்துகொண்டே இருந்தார். அவர் பெண் (ஏழு வயது இருக்கும்) பக்கத்தில் நின்று ஒவ்வொரு சுழற்றுக்கும் கை தட்டினாள். காயின் அண்ணன் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கா போன பிறகு சொன்னார்: "பதிமூணு ஆட்டத்துல முப்பத்தோரு தடவை பிடிச்சாங்க. நீ இருபத்தாறு தடவை வலது கையத்தான் அழுத்தின. அவங்க மூணாவது ஆட்டத்துலயே அதைப் பார்த்துட்டாங்க." எண்ணியிருக்கிறார்!

அப்புறம் அவர் ஒரு ஆட்டம் உட்கார்ந்தார். கார்டு தேய்க்கத் தெரியவில்லை, காயின் போடுகிற துளை எங்கே என்று தேடினார். உட்காருவதற்கு முன்னால் இரண்டு கையையும் பேண்ட்டில் துடைத்துக்கொண்டார்.

நாங்கள் ஆடுவதைப் பார்த்து இரண்டு காலேஜ் பையன்கள் வந்து நின்றார்கள். நான் இடைவேளை முடிந்து போன பிறகும் அவர்கள் எழுந்திருக்கவில்லை. ராத்திரி கணக்குப் பார்த்தபோது அந்த மெஷினில் மட்டும் 41 தடவை கார்டு தேய்த்திருக்கிறார்கள். போன மாதம் முழுக்க 9. மேனேஜர் ஒன்றும் சொல்லவில்லை, மூலையில் எரியாமல் இருந்த ட்யூப்லைட்டை மட்டும் மாற்றச் சொன்னார்.

அடுத்த ஞாயிறும் வருவதாக அக்கா சொல்லியிருக்கிறார். ஆனால் ஒரு பிரச்சினை. அந்தப் பையன்கள் அடித்த அடியில் முதல் ஆள் பக்கத்து இடது குத்துப் பட்டன் அழுத்தினால் திரும்ப மேலே வருவதில்லை. கிங் சுழற்றுவதை உடைக்க எனக்கு அதுதான் வேண்டும். மைக்ரோஸ்விட்ச் அண்ணா, இருக்கிறீர்களா?

மைக்ரோஸ்விட்ச்

இருக்கிறேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சொல்.